காண்டாக்ட் லென்ஸ் போடுவது, கழற்றுவது, பராமரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் வெறுமனே லென்ஸ் என்று வந்தால் அது சாஃப்ட் லென்ஸ். நீர் ஊறிய, வளையக்கூடிய இந்த வகையைத்தான் பெரும்பாலானவர்கள் அணிகிறார்கள். கெட்டி லென்ஸுக்கு முறை வேறு. அது பின்னால் தனியாக வருகிறது.

கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரைக் காட்டி லென்ஸ் வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. மூக்குக் கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி இருக்கிறது. லென்ஸ் கருவிழியின் மேலேயே, கண்ணீரில் மிதக்கிறது. பவர் 4-ஐத் தாண்டினால் இந்த இடைவெளி கணக்கில் வரும். கண்ணாடியில் மைனஸ் 6 உள்ளவருக்கு லென்ஸில் மைனஸ் 5.50 போதும். மைனஸ் 2 உள்ளவருக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

பவரைவிட முக்கியமானது லென்ஸின் வளைவு. லென்ஸ் வரும் அட்டைப்பெட்டியில் பி.சி. என்று போட்டு 8.4, 8.6, 8.8 என்று ஓர் எண் இருக்கும். பக்கத்திலேயே விட்டம், பெரும்பாலும் 14 மி.மீ.யை ஒட்டி. உங்கள் கருவிழியின் வளைவுக்கு லென்ஸ் இறுக்கமாக இருந்தால், போட்டதும் சுகமாகத்தான் இருக்கும். சாயங்காலம் கண் சிவக்கும், லென்ஸின் விளிம்பு வெள்ளை விழியில் வளையமாகப் பதிந்திருக்கும். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு இமைப்புக்கும் நகரும், பார்வை கலங்கும். இமைக்கும்போது லேசாக நகர்ந்து உடனே நடுவுக்குத் திரும்புவதுதான் சரியான பொருத்தம். அதைக் கண் மருத்துவரோ, பார்வைப் பரிசோதகரான ஆப்டோமெட்ரிஸ்ட்டோ, ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பவரே இல்லாத கலர் லென்ஸுக்கும் இதே விதிதான். கண்ணுக்குப் பவர் வேண்டாமல் இருக்கலாம், வளைவு எல்லாக் கண்ணுக்கும் உண்டு.

தினசரி லென்ஸ், மாத லென்ஸ், வருட லென்ஸ்: எதை எடுப்பது?

பணம் இடம் கொடுத்தால் தினசரி லென்ஸ். காலையில் புதிதாகப் பிரித்துப் போட்டு, இரவில் குப்பையில் போட்டுவிடலாம். லென்ஸைப் போட்டு வைக்கும் டப்பா, கழுவி ஊறவைக்கும் மருந்துத் திரவமான சொல்யூஷன், அவற்றால் வரும் தொல்லை எதுவும் இல்லை. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், தினசரி லென்ஸ் அணிபவர்களோடு ஒப்பிட்டால், கழுவித் திரும்ப அணியும் லென்ஸ்காரர்களுக்கு அகாந்தமீபா என்ற நுண்ணுயிரால் வரும் கண் தொற்றின் அபாயம் ஏறத்தாழ 4 மடங்கு இருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் போடுகிறவருக்குத் தினசரி லென்ஸ் செலவிலும் பெரிதாக அடிக்காது.

மாத லென்ஸில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: நாளைப் போட்ட கணக்கில் எண்ணுவது. மாத லென்ஸ் என்பது 30 தடவை போடும் லென்ஸ் அல்ல. உறை பிரித்த நாளிலிருந்து 30 நாள், இடையில் பத்து நாள் டப்பாவிலேயே கிடந்தாலும் அதுதான் கணக்கு. பிரித்த தேதியை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வருட லென்ஸ் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. விலை குறைவு என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் கண்ணீரின் புரதமும் கொழுப்பும் படிந்து, மேல் இமையின் உட்புறம் கொப்புளம் கொப்புளமாகத் தடிக்கும். லென்ஸைக் கழற்றிய பிறகும் அரிப்பு நிற்காமல் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

கையை எப்படிக் கழுவ வேண்டும்? சானிடைசர் போதுமா?

சானிடைசர் போதாது. விரலில் தங்கும் ஆல்கஹால் லென்ஸில் ஏறி, கண்ணில் தீயாக எரியும். வாசனையும் எண்ணெய்ப் பசையும் அதிகம் இல்லாத சாதாரண சோப்பைப் போட்டு, விரல் நுனி, நக இடுக்கு எல்லாம் 20 நொடி தேய்த்துக் கழுவுங்கள். பிறகு கை நன்றாகக் காய வேண்டும். இரண்டு காரணம்: குழாய்த் தண்ணீர் லென்ஸில் படக் கூடாது, ஈர விரலில் லென்ஸ் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குப் போகாது. பஞ்சு பிரியும் பூத்துண்டில் துடைத்தால் நூல் தும்பு லென்ஸில் ஒட்டும். பழைய பருத்தி வேட்டித் துண்டு, சுத்தமாகத் துவைத்தது, இதற்கு அருமையாக உதவும்.

மிளகாய் நறுக்கிய கையால் லென்ஸைத் தொட்டுவிட்டேன். என்ன செய்வது?

அந்த லென்ஸை உடனே கழற்றித் தூக்கிப் போடுங்கள். மிளகாயின் காரச்சத்து லென்ஸுக்குள் ஊறிவிடும், எவ்வளவு சொல்யூஷனில் கழுவினாலும் முழுதாகப் போகாது. லென்ஸ் இல்லாத கண்ணைச் சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். எரிச்சல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

காரச்சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால்தான் மூன்று முறை கை கழுவிய பிறகும் இரவில் லென்ஸைக் கழற்றும்போது கண் எரிகிறது. தேங்காய் எண்ணெயை விரல்களில் தடவித் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறையும், கடைசியாகச் சாதாரண சோப்பாலும் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். நக இடுக்கில் மட்டும் மறுநாள் வரைகூட ஒட்டியிருக்கும். ஊறுகாய் போடுகிற நாள், மிளகாய்த்தூள் அரைக்கிற நாள் என்றால் கண்ணாடியோடு இருந்துவிடுவது நல்லது.

லென்ஸ் சரியான பக்கம் இருக்கிறதா, திரும்பியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

விரல் நுனியில் வைத்துக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். கிண்ணம் மாதிரி விளிம்பு நேராக மேலே நின்றால் சரி. தட்டு மாதிரி விளிம்பு வெளியே மடங்கியிருந்தால் திரும்பியிருக்கிறது. மெல்லிய தினசரி லென்ஸில் இது சட்டென்று தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகக் கிள்ளிப் பாருங்கள்: விளிம்புகள் உள்நோக்கி ஒன்றையொன்று தேடி வந்தால் சரி, விரல் பக்கமாக மடிந்தால் தவறு. சில நிறுவனங்கள் லென்ஸின் ஓரத்தில் 123 என்று பொடி எழுத்தில் பதித்திருக்கும். எண்கள் நேராகத் தெரிந்தால் சரியான பக்கம்.

திருப்பிப் போட்டால் கண் கெட்டுவிடாது. உறுத்தும், நழுவும். கழற்றிச் சொல்யூஷனில் அலசி, திருப்பிப் போட்டால் போதும்.

முதல் முறை போடுகிறேன். படிப்படியாகச் சொல்லுங்கள்.

வாஷ்பேசின் முன்னால் நிற்காதீர்கள். வழுக்கி விழும் லென்ஸ் நேராக ஓட்டைக்குள் போகும், அல்லது தண்ணீரில் நனையும். மேசையில் சுத்தமான துணியை விரித்து, முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, உட்கார்ந்து செய்யுங்கள். நகத்தை முன்பே வெட்டியிருக்க வேண்டும்.

1. எப்போதும் வலது கண்ணில் ஆரம்பியுங்கள். இதைப் பழக்கமாக்கினால் இடம் வலம் மாறாது.
2. உறையை அல்லது டப்பாவை லேசாகக் குலுக்கி, லென்ஸை விரல் சதையால் எடுங்கள். நகத்தாலோ கூரான இடுக்கியாலோ தோண்டக் கூடாது. கிழிசல், மடிப்பு, தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.
3. உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷனால் ஒரு முறை அலசுங்கள். புதிதாகப் பிரித்த தினசரி லென்ஸுக்கு இது வேண்டாம்.
4. காய்ந்த ஆள்காட்டி விரலின் நுனியில் லென்ஸை நிறுத்துங்கள். விரலோடு ஒட்டிப் படுத்தால் விரலில் ஈரம் இருக்கிறது, துடைத்துவிட்டு மறுபடி.
5. அதே கையின் நடுவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். இன்னொரு கையின் விரலால் மேல் இமையை, இமைமுடி முளைக்கும் ஓரத்திலேயே பிடித்து, புருவத்தோடு அழுத்தி நிறுத்துங்கள்.
6. இரண்டு கண்ணையும் திறந்தபடி எதிரே நேராகப் பாருங்கள். லென்ஸைக் கருவிழியின் மேல் மெல்ல வையுங்கள். அழுத்த வேண்டாம், கண்ணீர் தானாக இழுத்துக்கொள்ளும்.
7. விரலை எடுத்து, மெதுவாகக் கீழே பாருங்கள். பிறகு கீழ் இமையை விடுங்கள், அப்புறம் மேல் இமை. கண்ணை மூடி, இமைமேல் லேசாகத் தடவினால் உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி வெளியேறும்.

இங்கே தோற்பவர்கள் அநேகமாக ஐந்தாவது படியில்தான் தோற்கிறார்கள். மேல் இமையை நடுவில் பிடித்தால், விரல் நெருங்கியதும் இமை நழுவி மூடிக்கொள்ளும். இமைமுடியின் வேரில் பிடித்தால் இமைக்கவே முடியாது. நேராகப் பார்க்கப் பயமாக இருந்தால், மேலே பார்த்துக்கொண்டு கீழ்ப்பக்கத்து வெள்ளை விழியில் வைத்துவிட்டு, மெல்லக் கீழே பாருங்கள். லென்ஸ் தானே நடுவுக்கு வந்துவிடும். முதல் நாள் ஒரு கண்ணுக்கு இருபது நிமிடம் ஆவது சகஜம். ஐந்தாறு முறை முயன்று கண் சிவந்துவிட்டால், அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள்.

போட்டவுடன் உறுத்துகிறது அல்லது மங்கலாகத் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்தால் சரியாகுமா?

லென்ஸ் இருக்கிறது என்ற உணர்வு அரை நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. குத்தல், எரிச்சல், ஒரே இடத்தில் முள் போன்ற உணர்வு என்றால் பொறுக்காதீர்கள். கழற்றி, அலசி, பக்கம் பார்த்து, திரும்பப் போடுங்கள். மறுபடியும் குத்தினால் அந்த லென்ஸின் ஓரம் கிழிந்திருக்கும்.

மங்கல் என்றால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவு வித்தியாசமாக இருந்தால் வலது லென்ஸும் இடது லென்ஸும் மாறியிருக்கலாம். இமைத்ததும் தெளிந்து, பிறகு மங்கினால் கண் காய்ந்திருக்கிறது, அல்லது கை க்ரீம் லென்ஸில் ஒட்டியிருக்கிறது. சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸ் போட்ட புதிதில் சுழன்று நிலைகொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதற்குமேலும் பார்வை ஆடினால் பொருத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

கழற்றும்போது கண் வலிக்கிறது. எங்கே தவறு?

அநேகமாக, காய்ந்த லென்ஸைக் கருவிழியின் மேலேயே வைத்துக் கிள்ளுகிறீர்கள். நாள் முழுக்க ஏசி அறையில் கணினியைப் பார்த்துவிட்டு வந்தால் இமைப்பது குறைந்து, லென்ஸ் காய்ந்து, கண்ணோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் பிய்த்தால் கருவிழியின் மேல்தோலும் சேர்ந்து உரியும். இரவு முழுக்கக் கண்ணீர் கொட்டும். உரிந்த இடம் கிருமிக்குத் திறந்த வாசல்.

கழற்றுமுன் லென்ஸோடு பயன்படுத்தத் தக்க ஈரச் சொட்டு மருந்து இரண்டு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் இமைத்துக்கொண்டிருங்கள். பிறகு மேலே பாருங்கள். ஆள்காட்டி விரலால் லென்ஸைத் தொட்டு, கீழே வெள்ளை விழிக்கு நகர்த்துங்கள். அங்கே போனதும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் சதையாலும் மெல்லக் கிள்ளினால் லென்ஸ் மடிந்து கையோடு வரும். விரல் காய்ந்திருக்க வேண்டும், லென்ஸ் ஈரமாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். லென்ஸ் நகரவே மறுத்தால் இன்னும் சொட்டு விட்டுக் காத்திருங்கள். விரலுக்கு வேகம் கூட்டாதீர்கள்.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விட்டால்?

போகாது. வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு இமையின் உட்புறத்தோடு தொடர்ந்து, பை போல மூடியிருக்கிறது. லென்ஸ் அதிகபட்சம் மேல் இமையின் மடிப்புக்குள் சுருண்டு கிடக்கும். சொட்டு மருந்து விட்டு, கீழே பார்த்தபடி, மூடிய மேல் இமையை மேலிருந்து கீழாக மெல்லத் தடவினால் மூலையில் எட்டிப் பார்க்கும். கிழிந்த லென்ஸ் என்றால் துண்டுகளை வெளியே ஒன்றுசேர்த்து முழு வட்டம் வருகிறதா பாருங்கள். ஒரு துண்டு குறைந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில சமயம் லென்ஸ் ஏற்கெனவே சட்டையில் விழுந்திருக்கும், அதைத் தேடிக் கண்ணை நோண்டிக்கொண்டிருப்பார்கள். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய லென்ஸை எப்படிச் சுத்தம் செய்வது? பாட்டிலில் தேய்க்கத் தேவையில்லை என்று போட்டிருக்கிறதே?

பாட்டில் என்ன சொன்னாலும் தேயுங்கள். லென்ஸில் படியும் வழவழப்பான படலத்துக்குள்தான் கிருமிகள் ஒளிந்திருக்கும். ஊறவைத்தால் மட்டும் மருந்து அதற்குள் புகாது. உள்ளங்கையில் லென்ஸை வைத்து, மூன்று நான்கு சொட்டு சொல்யூஷன் விட்டு, ஆள்காட்டி விரல் சதையால் முன்னும் பின்னும் ஒரு பக்கத்துக்கு 10 முதல் 20 நொடி. பிறகு சொல்யூஷனைப் பீய்ச்சி அலசுங்கள். டப்பாவில் புதுச் சொல்யூஷன் நிரப்பி, லென்ஸ் முழுக்க மூழ்கும்படி போட்டு மூடுங்கள். பாட்டிலில் குறிப்பிட்டிருக்கும் நேரம், பொதுவாக 4 முதல் 6 மணி, ஊற வேண்டும்.

நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல், மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது சிக்கனம் போலத் தெரியும். நேற்று ஊறியபோதே அந்த மருந்தின் சக்தி பாதி தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது கிருமி பழகிக்கொள்ளும் நீர்த்த மருந்து. 2006-இல் ப்யூசேரியம் என்ற பூஞ்சையால் பல நாடுகளில் லென்ஸ் அணிந்தவர்களுக்குக் கருவிழிப் புண் வந்து, ஒரு சொல்யூஷன் வகையே உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்த விசாரணையில் இந்த மேலூற்று வழக்கமும் பேசப்பட்டது.

பாட்டிலைத் திறந்த தேதியையும் எழுதுங்கள். பெரும்பாலான சொல்யூஷன்களுக்குத் திறந்தபின் 90 நாள்தான் ஆயுள், லேபிளில் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான். பாட்டில் மூக்கு விரலிலோ லென்ஸிலோ படக் கூடாது. பயணத்துக்கென்று சின்ன பாட்டிலுக்கு மாற்றி ஊற்றுவதும் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பதும் அப்படியே.

கொதித்து ஆறிய தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், சலைன், பன்னீர்: அவசரத்துக்கு எதுவும் ஆகாதா?

எதுவும் ஆகாது. சலைன் என்ற உப்புநீர் அலசத்தான் உதவும், கிருமியைக் கொல்லாது. பன்னீர் கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற நம்பிக்கையைப் பற்றி இங்கே வாதாட வேண்டாம், லென்ஸுக்கு அது ஆகாது. வாயில் போட்டு ஈரமாக்கிப் போட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம்.

மாடித் தொட்டி, போர், கிணறு, குளம், நீச்சல் குளம் எல்லாத் தண்ணீரிலும் அகாந்தமீபா வாழ முடியும். பாதகமான சூழலில் அது கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு காத்திருக்கும், குடிநீரில் போடும் குளோரின் அந்த ஓட்டை உடைப்பதில்லை. வெறும் கண்ணில் தண்ணீர் பட்டால் இமைப்பில் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. லென்ஸ் இருந்தால் அது ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. தொற்று வந்தால் முதலில் மணிக்கொரு முறை, பிறகும் மாதக்கணக்கில் மருந்து, சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போகும். ஆகவே குளிக்கும் முன், எண்ணெய் தேய்க்கும் முன், குற்றாலத்தில் அருவிக்குள் நுழையும் முன் லென்ஸைக் கழற்றுங்கள். நீச்சலுக்குப் பவர் வைத்த கண்ணாடிகள் கிடைக்கின்றன.

சொல்யூஷன் கையில் இல்லை, லென்ஸைக் கழற்றியாக வேண்டும் என்றால் தூக்கிப் போடுங்கள். ஒரு ஜோடி லென்ஸ் போனால் போகட்டும். காய்ந்து சருகான சாஃப்ட் லென்ஸை மறுபடி ஊறவைத்துப் போடுவதும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்திருக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷன் நல்லதா?

மிக நன்றாகக் கிருமி நீக்கும். பதப்படுத்தும் மருந்து கலக்காததால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால் பாட்டிலில் இருப்பது 3 சதவீத பெராக்சைடு. கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல். அதோடு வரும் தனி டப்பாவின் அடியில் பிளாட்டினம் பூசிய வட்டு இருக்கும். அதுதான் 6 மணி நேரத்தில் மருந்தைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கிறது. குமிழி வருவது அதனால்தான், மூடியில் துளை இருப்பதும் அதனால்தான். சாதாரணத் தட்டை டப்பாவில் இதை ஊற்றினால் மறுநாள் காலையில் கண்ணில் போடுவது பெராக்சைடு. வீட்டில் இரண்டு வகைப் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். மருந்து பிரிந்த பிறகு அங்கே இருப்பது வெறும் உப்புநீர். நாள் கணக்கில் டப்பாவிலேயே கிடந்த லென்ஸைப் போடுமுன் புது மருந்தில் மறுபடி ஒரு சுற்று விட வேண்டும்.

டப்பாவை எப்போது மாற்றுவது?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மாதம் ஒரு முறை என்றால் இன்னும் நல்லது. தினமும் லென்ஸை எடுத்ததும் பழைய சொல்யூஷனைக் கொட்டி, புதுச் சொல்யூஷனால் அலசி, சுத்தமான டிஷ்யூவால் உட்புறம் துடைத்து, மூடியும் டப்பாவும் தனித்தனியாகக் கவிழ்த்துக் காயவையுங்கள். குளியலறை அலமாரி இதற்கு இடமல்ல, எப்போதும் ஈரம். கண்ணில் தொற்றோடு வருபவர்களின் டப்பாவைப் பார்த்தால் அடியில் மங்கலான படலம் இருப்பதும், விளிம்பில் அழுக்கு ஏறியிருப்பதும் வழக்கமான காட்சி.

ராத்திரி பஸ்ஸில் போகிறேன். லென்ஸோடு தூங்கினால் என்ன?

கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் ஆக்ஸிஜன் எடுக்கிறது. கண் மூடினாலே வரத்து குறைகிறது, நடுவில் லென்ஸும் இருந்தால் இன்னும் குறையும். கருவிழி வீங்கி, மேல்தோல் பலவீனமாகி, கண்ணீர் ஓட்டமும் நின்ற நேரத்தில் கிருமிக்கு வசதியான இடம். லென்ஸோடு தூங்குவது தொற்று அபாயத்தை 6 முதல் 8 மடங்கு கூட்டுகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது. மதியக் குட்டித் தூக்கமும் இதில் அடங்கும்.

பஸ் ஏறுமுன் வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஓடும் பஸ்ஸில், கழுவாத கையோடு கழற்றுவது இரண்டாவது பிரச்சினை. தெரியாமல் தூங்கிவிட்டால், விழித்ததும் பிய்க்க வேண்டாம். ஈரச் சொட்டு விட்டு, லென்ஸ் தாராளமாக நகரும்வரை காத்திருந்து கழற்றுங்கள். அன்று முழுக்கக் கண்ணாடிதான்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடலாம்?

முதல் நாள் 4 மணி நேரம், பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணி கூட்டி, 10 முதல் 12 மணி வரை. மருத்துவர் வேறு சொன்னால் அதுதான்.

மை, மேக்கப், கல்யாணத்துக்குக் கலர் லென்ஸ்?

வரிசை இதுதான்: முதலில் லென்ஸ், பிறகு மேக்கப். இரவில் முதலில் லென்ஸைக் கழற்றுவது, பிறகு மேக்கப் துடைப்பது. மையை இமைமுடிக்கு வெளியே தீட்டுங்கள். உள்விளிம்பில் தீட்டினால் அங்கே உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைபடும், மைத்துகள் லென்ஸுக்கு அடியில் போகும். முகப் பவுடரும் ஸ்ப்ரேயும் கண்ணை மூடியபடி.

மணப்பெண் அலங்காரத்தில் ஒரே கலர் லென்ஸை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிப் போடுவது நடக்கிறது. நடுவில் எவ்வளவு கழுவினாலும் ஏற்கக் கூடாது. கலர் லென்ஸ் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் பொருத்தம் பார்த்து, உறை பிரிக்காத சொந்த லென்ஸாக வாங்கி, முகூர்த்தத்துக்கு முன் வீட்டில் இரண்டு மூன்று நாள் போட்டுப் பழகுங்கள். ஹோமப் புகையில் முதல்முறையாக லென்ஸ் போட்டுப் பார்ப்பது நல்ல யோசனை இல்லை.

அடுப்பு வெக்கையில் லென்ஸ் உருகி ஒட்டிக்கொள்ளுமாமே?

கட்டுக்கதை. முகம் தாங்கும் சூட்டில் லென்ஸ் உருகாது. வெக்கையிலும் புகையிலும் காய்ந்துபோகும், அவ்வளவுதான். பட்டாசுப் பொறி, வெல்டிங் பொறி, ரசாயனம் தெறிப்பது ஆகியவை நிஜமான ஆபத்து. லென்ஸ் கண்ணைக் காக்காது. மேலே பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பைக்கில் போகும்போதும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

லென்ஸ் போட்டபடி சொட்டு மருந்து விடலாமா?

லென்ஸோடு பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் ஈரச் சொட்டு மட்டும். மற்ற பல சொட்டுகளில் கலக்கும் பென்சால்கோனியம் குளோரைடு சாஃப்ட் லென்ஸில் ஊறி, மணிக்கணக்கில் கருவிழிமேல் கசியும். லென்ஸைக் கழற்றி, மருந்து விட்டு, குறைந்தது 15 நிமிடம் கழித்துப் போடுங்கள். சிவப்பை வெளுக்கும் சொட்டு எந்த நேரத்திலும் வேண்டாம், அது நோயின் அடையாளத்தை மறைத்துவிடும்.

மெட்ராஸ் ஐ வந்தால்?

அன்றே லென்ஸை நிறுத்துங்கள். மெட்ராஸ் ஐதான் என்று மருத்துவர் உறுதி செய்ததும் அந்த லென்ஸ், டப்பா, திறந்த சொல்யூஷன், மை எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். சிவப்பு முழுக்கப் போய், மருத்துவர் சரி என்ற பிறகு புது லென்ஸ்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவந்தால் அதை மெட்ராஸ் ஐ என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, பார்வை மங்கல், பீளை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவற்றில் எது இருந்தாலும் கருவிழிப் புண்ணாக இருக்கலாம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்தால் ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடும். லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி குறையாமல் கூடினால் அதுவே பெரிய அடையாளம்.

அதே நாள் கண் மருத்துவமனைக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாலும். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்து வளர்த்துப் பார்ப்பார்கள். கண்ணைக் கட்டிப் போடாதீர்கள், கட்டுக்குள் கிருமி வேகமாக வளரும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு விடுவதுதான் மிகப் பெரிய தவறு. இரண்டு நாள் சிவப்பு குறைந்து குணமானது போலக் காட்டும், உள்ளே பூஞ்சையோ அகாந்தமீபாவோ தடையின்றிப் பரவும்.

கெட்டி லென்ஸுக்கு என்ன வித்தியாசம்?

ஆர்.ஜி.பி. எனப்படும் இவை 9, 10 மி.மீ. அளவு, கருவிழியைவிடச் சின்னவை. கருவிழி கூம்பாகும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்குச் சாஃப்ட் லென்ஸில் வராத தெளிவு இதில் வரும். பழக ஓரிரு வாரம் ஆகும். கழற்றும்போது கிள்ளக் கூடாது. கண்ணை அகலத் திறந்து, வெளி ஓரத்தைக் காதுப் பக்கமாக இழுத்து, பலமாக இமைத்தால் உள்ளங்கையில் விழும். லென்ஸை உறிஞ்சி எடுக்கும் சின்ன ரப்பர் குப்பியால் எடுப்பவர்கள் லென்ஸ் கருவிழிமேல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டே வைக்க வேண்டும், வெறும் கருவிழியில் வைத்து இழுத்தால் காயம். இதற்கான சொல்யூஷனும் வேறு. சாஃப்ட் லென்ஸுக்கு அதைப் பயன்படுத்த முடியாது.

பவரைப் போக்கும் லேசர் அறுவை சிகிச்சையான லேசிக் செய்யப் போகிறேன். எப்போது நிறுத்துவது?

அளவெடுக்கும் நாளுக்கு முன், சாஃப்ட் லென்ஸ் என்றால் குறைந்தது ஒன்று முதல் இரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரமோ அதற்கு மேலோ. லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும். அது இயல்புக்குத் திரும்பாமல் எடுக்கும் அளவு தவறாகிவிடும்.

லென்ஸ் வாங்கிவிட்டேன். பழைய கண்ணாடியை இனி மாற்றத் தேவையில்லைதானே?

இன்றைய பவருக்குச் சரியான கண்ணாடி ஒன்று கட்டாயம் வேண்டும். கண் லேசாகச் சிவந்த காலையில் அலுவலகம் போயாக வேண்டும். கண்ணாடியோ மூன்று வருடப் பழசு, எதுவும் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் சிவந்த கண்ணிலேயே லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் வாங்கப் போகும் அன்றே, எளிய சட்டத்தில் ஒரு கண்ணாடிக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்.